போனது போகட்டும் என்னும் சாமர்த்தியம்

திருத்தணி மலையடிவாரத்தில் இரவில் நிறுத்திவைத்த ஒரு காரிலிருந்து பக்கக் கண்ணாடியோ, முகவிளக்கோ, சக்கரங்களோ விடிவதற்குள் காணாமற்போய்விட்டால், அந்த விஷயம் எதிரிலுள்ள டீக்கடைக்கு எட்டிய சில நிமிஷங்களுக்குள்ளேயே கார்க்காரருக்கு உபதேசங்கள் கிடைக்கத் தொடங்கிவிடும். “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சுன்னு நெனைச்சுக்குங்க சார். ஸ்டேஷனுக்குப் போனா அலைய விடுவாங்க. இன்ஷூரன்ஸ்காரன் ஒரு பைசா குடுக்க மாட்டான்; குடுத்தாலும் போனஸ் போயிடும். பேசாம புதுப்பேட்டைக்குப் போய் வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க.” இந்த உபதேசத்தைச் செய்பவர்கள் உலகம் அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வருஷம் தவறாமல் பாலிசியைப் புதுப்பிக்கும் உத்தியோகஸ்தர்களும், வரவுசெலவுக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் இரவெல்லாம் தூங்காத வியாபாரிகளும், சில சமயங்களில் அந்தப் பாலிசியை விற்ற ஏஜெண்டுமேகூட இதையே வேறு வார்த்தைகளில் சொல்லுகிறார்கள். சொல்லிவிட்டு, உலக அனுபவம் முதிர்ந்தவர்களுக்கே உரிய ஒரு மெல்லிய புன்னகையும் செய்கிறார்கள். அந்தப் புன்னகைக்கு ஆதாரம் இல்லை என்பதே என் வாதம்.

வாதத்துக்குத் திருத்தணியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இவ்வூர் திருட்டுக்குப் பெயர் போனது என்பதன்று. அப்படிச் சொன்னால் அது அபாண்டம். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இதன் வழியே போகிறது. பொன்பாடிச் சாவடியைத் தாண்டினால் நகரி, அதன்பின் புத்தூர் என்று ஆந்திர ராஜ்யம் விரிந்துவிடுகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவோரும், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் தொடங்கிவைத்த படித் திருவிழாவுக்காக டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 365 படிகளிலும் பாடிக்கொண்டே ஏறுவோரும் தம் வாகனங்களை ஊரார் எவரையும் அறியாத தெருக்களில், கிடைத்த இடத்தில், நிறுத்திவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். தெரியாத ஊரில், இருட்டில், பல மணி நேரம் தனியே நிற்கும் வாகனம் என்பதுதான் இந்த விவகாரத்தின் ஆரம்பம். அது திருத்தணிக்கும் பொருந்தும், பழநிக்கும் பொருந்தும், சென்னையில் வாகனசாலை இல்லாத எந்தத் தெருவுக்கும் பொருந்தும்.

திருட்டின் ரகமும் நாளடைவில் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் சக்கரத்தின் மூடியையும் பாட்டுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனவர்கள், இப்போது காரின் அடியில் படுத்துச் சைலன்சரை அறுக்கிறார்கள். ஏனென்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப் பன்மடங்கு தாண்டி நின்றபோது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தத் திருட்டு ஒரு தொற்றுநோயாகவே பரவிற்று. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஒரு குறிப்பிட்ட வகை வேன்களின் சைலன்சர்களையே தேடிப் பிடித்துத் திருடிய கூட்டங்கள் அகப்பட்டன. ‘சில்லறைச் சாமான்தானே’ என்று கையை உதறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உபதேசிகளில் பத்துக்கு ஒன்பது பேர் அதைப் படித்ததில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான காப்பை மாத்திரமே. ‘தேர்ட் பார்ட்டி’ என்று வழங்கும் அந்தக் காப்பை மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் காரின் பாகம் போனதற்குக் காலணாவும் கிடைக்காது. அவர் விஷயத்தில் டீக்கடை சொல்வது சரி. ஆனால் ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று ஜனங்கள் சொல்லும் முழுப் பாலிசியின் முதற்பிரிவு, வாகனத்துக்கு மட்டுமின்றி அதன்மேல் பொருத்தியிருக்கும் உபகரணங்களுக்கும் நேரும் நஷ்டத்தை ஈடு செய்வதாக உறுதி கூறி, அந்த நஷ்டத்துக்கான காரணங்களின் ஜாபிதாவில் தீ, இடி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகவே திருட்டை வைத்திருக்கிறது. கார் முழுவதும் போனால்தான் பணம் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு அந்த நிபந்தனை உண்டு: வண்டியும் உடன் களவுபோனாலன்றி உபகரணத் திருட்டுக்கு ஈடு இல்லை. லாரிகளுக்கும் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர் முதலியவற்றில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி அவற்றை நீக்கிக்கொள்ள வேண்டும். தனியார் காருக்கு மட்டுமே இந்தச் சலுகை தாராளமாய் வழங்கப்பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரரும் லாரிக்காரரும் பட்ட அனுபவத்தைக் காதால் கேட்டு, அதையே தமக்கும் விதியென்று கார்க்காரர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பது என் ஊகம்.

கம்பெனி நியாயமாகவே மறுக்கக்கூடிய இனங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்து வாதாடுவது அழகன்று. தொழிற்சாலையில் பொருத்தாமல், வாங்கிய பிறகு வெளிக்கடையில் மாட்டிக்கொண்ட ஸ்டீரியோ போன்ற மின்சாதனங்களைப் பாலிசியில் குறித்து, அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் தனியே கட்டியிருக்க வேண்டும். கட்டாதவர் கேட்பது நியாயமில்லை. காருக்குள் வைத்திருந்த கைப்பை, மடிக்கணினி, பிரசாதக் கூடை ஆகியவை காரின் பாகங்கள் அல்ல. சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன்பே புதுப் பாகத்தை மாட்டிவிட்டு, பிறகு பில்லை மட்டும் நீட்டுகிறவரும் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

இனி, இந்த உபதேசத்தின் பிரதான தூணாகிய போனஸ் கணக்குக்கு வருவோம். கிளைம் கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் அடுத்த பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும் தள்ளுபடிக்குத்தான் ‘நோ கிளைம் போனஸ்’ என்று பெயர்; ஒரு முறை கேட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இதைக் கேட்டதும் ஜனங்கள் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டுப் பயப்படத் தொடங்குகிறார்கள். பயப்படுமுன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்தத் தள்ளுபடி மொத்தப் பிரீமியத்துக்கு அன்று. சொந்த வாகனச் சேதத்துக்கென்று கட்டும் பகுதிக்கு மட்டுமே. பூஜ்யத்துக்கு இறங்கியதும் அங்கேயே கிடப்பதில்லை. மறுபடியும் அதே படிகளில் ஏறத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் பகுதி தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்றும், கார்க்காரர் 50 சதவீதப் படியில் நின்று 4,000 ரூபாயே கட்டி வருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். கிளைம் கேட்டபின் முதல் வருஷம் அவர் 8,000 கட்டுகிறார், கூடுதல் 4,000. அடுத்த வருஷம் 20 சதவீதம் கிடைப்பதால் 6,400, கூடுதல் 2,400. அதற்கடுத்து 6,000, பின் 5,200, பின் 4,400. ஆறாவது வருஷம் பழைய படிக்கு வந்துவிடுகிறார். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அவர் கூடுதலாகக் கட்டியது 10,000 ரூபாய். 18 சதவீத வரியைச் சேர்த்தால் 11,800. வண்டியின் மதிப்பு வருஷாவருஷம் குறையக் குறையப் பிரீமியமும் குறையுமாதலால், உண்மையில் இதைவிடவும் சற்றுக் குறைவாகவே இருக்கும். முதல் வருஷத்திலேயே இருக்கும் புதுக்கார்க்காரர், இழப்பதற்குப் போனஸே சேராதவர், இதே கணக்கில் வரி நீங்கலாக 4,000 ரூபாய்தான் இழக்கிறார். ‘போனஸ் போய்விடும்’ என்று மொட்டையாகச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்தியபோது, இழப்பு 4,000-ஆ 40,000-ஆ என்று யாராவது எப்போதாவது சொன்னதுண்டா?

இப்போது மறுபக்கம். மூன்றரை வயதுக் கார். நான்கு அலாய் சக்கரங்களும் டயர்களுடன் போய்விட்டன. சக்கரங்களின் விலை 40,000, டயர்களின் விலை 20,000 என்று கொள்வோம். மூன்று வயதுக்கு மேல் நான்குக்குள் இருக்கும் வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் 25 சதவீதம். டயருக்கு எப்போதும் 50. ஆகவே 30,000-மும் 10,000-மும் சேர்ந்து 40,000. அதில் 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயமாய்க் கழிக்கும் 1,000 ரூபாய் போக, கைக்கு வருவது 39,000. போனஸ் இழப்பாகிய 11,800-ஐக் கழித்தாலும் 27,200 ரூபாய் மிச்சம். அந்தத் தொகையைத்தான் நம் அனுபவசாலி, புன்னகையுடன், கம்பெனிக்கு இனாமாக விட்டுவிடும்படி சொல்லுகிறார். தேய்மானமே கழிக்காத ‘நில் டெப்’ காப்பைத் தனியே வாங்கியவருக்கும், போனஸைப் பாதுகாக்கும் காப்பை வாங்கியவருக்கும் இந்த மிச்சம் இன்னும் பெருகும். அவற்றுக்குப் பணம் கட்டிவிட்டும் கேட்காமலிருப்பவரை என்னவென்று சொல்வது!

அதே கணக்கு எதிர்ப்பக்கமும் பேசும். 4,000 ரூபாய்ப் பக்கக் கண்ணாடி ஒன்றே போயிருந்தால், பிளாஸ்டிக் கூட்டுக்குப் பாதி தேய்மானமும் கட்டாயக் கழிவான 1,000 ரூபாயும் போக, வருவது சொற்பம். அதற்காகப் போனஸை விடுவது புத்தியன்று. அங்கே நானும் கேட்க வேண்டாம் என்றே சொல்லுவேன். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டபின் கேட்காமல் விடுவதற்கும், கணக்கே போடாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வற்புறுத்துகிறேன்.

டயர் விஷயத்தில் ஒரு சிக்கலைச் சிலர் கிளப்புவார்கள். வாகனமும் அதே சமயத்தில் சேதமடைந்தாலன்றி டயர், டியூப் சேதத்துக்கு ஈடு இல்லை என்று பாலிசியில் ஒரு விலக்கு இருக்கிறது; அதைக் காட்டி, சக்கரம் போனவரையும் திருப்பி அனுப்பப் பார்ப்பதுண்டு. சக்கரங்கள் களவுபோன காரை ஒரு தரம் அருகே குனிந்து பார்த்தவர்கள் இந்தத் தடைக்கு மயங்க மாட்டார்கள். கார் செங்கல் அடுக்குகளின்மேல் நிற்கும். அவசரத்தில் தவறான இடத்தில் ஜாக்கியை முட்டுக் கொடுத்ததால் கதவுக்குக் கீழேயுள்ள தகடு நெளிந்து, சாயம் செதில் செதிலாய்ப் பெயர்ந்திருக்கும். ஒரு பக்கம் செங்கல் நழுவியிருந்தால் பிரேக் டிஸ்க் தரையில் இடித்துக்கொண்டிருக்கும். கழற்றிய நட்டுகளில் ஒன்றிரண்டு சாக்கடை ஓரத்தில் கிடக்கும். அந்த நெளிந்த தகடும் வாகனச் சேதம்தான். அதைப் படம் பிடித்து, கிளைம் படிவத்திலும் ஒரு வரி எழுதினால், விலக்கின் வாயிலிருந்தே பதில் வந்துவிடுகிறது. மேலும், விலக்கு பேசுவது சேதத்தைப்பற்றி, களவைப்பற்றி அன்று. ஒப்பந்தத்தின் வாசகம் இரு பொருள்படுமாயின் அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்னும் நியாயத்தை நம் சுப்ரீம் கோர்ட்டு 1966-லேயே எடுத்துரைத்திருக்கிறது.

‘தாமதம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்’ என்பது அடுத்த பல்லவி. இதில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. களவு நடந்ததைப் போலீஸுக்கும் கம்பெனிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனிக்குத் தாமதமாய்ச் சொன்ன ஒருவருக்கு எதிராக 2010-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனிகள் வெகுகாலம் ஆட்டம் போட்டன. 2011 செப்டம்பர் 20-ஆம் தேதி இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டு, நேர்மையான கோரிக்கைகளைத் தாமதம் ஒன்றையே காட்டி நிராகரிக்கலாகாது என்று கம்பெனிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. 2017-இல் கோர்ட்டின் போக்கு மாறிற்று. 2020 ஜனவரி 24-ஆம் தேதி, ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில், மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு விவகாரத்தைத் தீர்த்துவைத்தது: களவு நடந்ததும் போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதம் மாத்திரமே கோரிக்கையை மறுக்கக் காரணமாகாது. 2022 பிப்ரவரியில், லாரி களவுபோன மறுநாளே எஃப்.ஐ.ஆர். பதிவாகியும் கம்பெனிக்கு ஐந்து மாதம் கழித்தே தெரிவித்த ஒரு வழக்கிலும் இதே நியாயம் செல்லுபடியாயிற்று. இவையெல்லாம் முழு வாகனம் போன வழக்குகள் என்று ஆட்சேபிப்பவர்கள், பாகம் போனாலும் பொருந்துவது அதே நிபந்தனையின் அதே வாசகம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வண்டிக்காரரின் கவனக்குறைவு என்ற சாக்கும் முன்போல் முழு ஈட்டையும் விழுங்கிவிட முடியாது. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய ஒரு லாரி வழக்கில்கூட 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. பூட்டிய காரைத் தெருவில் நிறுத்தியவருடைய கட்சி அதைவிடப் பலவீனமானதா?

கால தாமதம் கம்பெனியின் தரப்பிலும் உண்டு. அதற்கும் இப்போது வரம்பு கட்டியிருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும்; 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும்; அது வந்த 7 நாட்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

போலீஸைப்பற்றிய புகாரில் பாதி நியாயம். மனு எழுதிக் கொடுப்பவரிடம் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் நம் ராஜ்யத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அந்தக் காகிதத்துக்குச் சக்தி இல்லை. வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்புபவருக்குக் கிளைமும் பாதியில் நின்றுவிடும். ஆனால் திருப்பி அனுப்புபவர் பேரில் குற்றம் என்றால், திரும்பி வருபவர் பேரிலும் ஒரு பங்கு உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவதைத் தவிர வேறு வழியில்லை என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தெளிவாக்கிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்ததாயினும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. நகலை இலவசமாய்த் தர வேண்டும் என்கிறது. ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம் என்கிறது. அங்கும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டு இருக்கிறார்.

எல்லையின் கேள்வி திருத்தணியில் வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. திருத்தணியில் விடியற்காலையில் புறப்பட்டு நகரியில் காபிக்கு இறங்கியபோதுதான் பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னி உறை காலி என்று காண்பவர், தமிழ்நாட்டுப் போலீஸிடமா ஆந்திரப் போலீஸிடமா என்று தடுமாறுவது இயல்பு. இந்தத் தாலுகா 1953-இல் சித்தூர் ஜில்லாவோடு ஆந்திரத்துக்குப் போய், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய கிளர்ச்சிக்கும் படாஸ்கர் செய்த மத்தியஸ்தத்துக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிவந்தது. அத்தனை பாடுபட்டுப் போட்ட எல்லைக்கோடு இந்த விஷயத்தில் ஒரு பொருட்டே அன்று. தகவல் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். பாலிசியோ பாரத தேசம் முழுவதற்கும் செல்லும். கூடுதல் தொகை கட்டினால் நேபாளம், பூட்டான், இலங்கை வரைக்கும்கூட அதை நீட்டித்துக்கொள்ளலாம்.

பக்தியின் பேரால் பேசுபவர்களையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட வேண்டும். சுவாமி தரிசனத்துக்கு வந்த இடத்தில் வழக்கும் வம்பும் எதற்கு என்கிறார்கள். முருகன் கோபம் தணிந்த ஸ்தலம் இது, கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம்கூட இங்கே நடத்துவதில்லை என்று ஸ்தல மகிமையையும் துணைக்கு அழைக்கிறார்கள். மகிமை உண்மைதான். ஆனால் கிளைம் படிவத்தை நிரப்புவதற்குக் கோபம் வேண்டியதில்லை; பேனா போதும்.

இவ்வளவும் பணத்தைப்பற்றிய வாதம். இதைவிட ஆழமான ஒரு தவறு அந்த உபதேசத்தில் ஒளிந்திருக்கிறது. களவு போனதற்கு ஈடு கேட்பது ஏதோ சீமையிலிருந்து வந்த நாகரிகம் என்றும், நம்மவர் சுபாவத்துக்கு ஒவ்வாத பேராசை என்றும் ஒரு எண்ணம் நம்மிடையே உலவுகிறது. நம் நாட்டுச் சரித்திரம் வேறு விதமாய்ச் சொல்லுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்றொரு வரி காணப்படுகிறது; பிற்காலத்தில் ஊர்க்காவலன் என்றும் நாட்டுக்காவலன் என்றும் இருந்தவர்கள் குடிகளிடம் தானியமாகவும் பணமாகவும் காவற்கூலி வாங்கினார்கள். அந்தக் கூலிக்கு இரண்டு கடமைகள் எதிரீடாக இருந்தன: திருட்டைத் தடுத்துத் திருடனைப் பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாமற்போனால் பொருளின் மதிப்பைக் காவற்காரனே பறிகொடுத்தவனுக்குக் கொடுத்தாக வேண்டும். கூலி வாங்கியவன் ஈடு செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்துக் குடியானவனுக்கும் தெரிந்த சட்டம். அவன் அதைக் கேட்கக் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரரை அடக்கிய கும்பினியார் அந்தக் காவல் முறையை எடுத்துவிட்டார்கள். 1859-ஆம் வருஷத்துச் சென்னைப் போலீஸ் சட்டத்தோடு நாம் இன்று காணும் போலீஸ் உருவாயிற்று. பழைய காவற்காரனின் இரண்டு கடமைகளில் திருடனைப் பிடிக்கும் கடமைதான் அதற்குச் சென்றது. ஈடு செய்யும் கடமை வெகுகாலம் அநாதையாய்க் கிடந்து, மோட்டார் யுகத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய கார்க்காரர் ஒன்றுக்கு வரியும் மற்றொன்றுக்குப் பிரீமியமும் கட்டுகிறார். இரண்டு காவற்கூலியையும் தவறாமல் கொடுத்துவிட்டு, களவு நடந்த அன்று இருவரில் ஒருவரையும் கேட்காமல் வீட்டுக்குப் போகிறார்.

வீட்டுக்குக்கூட நேரே போவதில்லை, புதுப்பேட்டைக்குப் போகிறார். சென்னையின் அந்தப் பழைய மோட்டார்ச் சாமான் சந்தையில் ஆயுள் முடிந்த வண்டிகளைப் பிரித்து நேர்மையாய் விற்றுப் பிழைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறன் இல்லாவிட்டால் நம் ராஜ்யத்தில் பாதிக் கார்கள் ஓடா. ஆனால் எங்கே எந்த ஊரிலாயினும், பில் இல்லாமல், எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்வியும் இல்லாமல், பாதி விலைக்கு ஒரு பாகம் கிடைக்கிறதென்றால், அது வேறொருவர் காரிலிருந்து நேற்றிரவு இறங்கியதாக இருக்கலாம் என்பது வாங்குபவருக்குத் தெரியாததன்று. மீரட்டின் சோத்தி கஞ்ச் சந்தை இப்படித்தான் வளர்ந்து, 2021 டிசம்பரில் போலீஸாரால் இழுத்து மூடப்பட்டது. களவுப் பொருளென்று தெரிந்தும் வாங்குவது பாரதிய நியாய சங்கிதையின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். பறிகொடுத்த ஒருவர் தாமே குற்றவாளியாகும் வழியைத்தான் ‘சாமர்த்தியம்’ என்று காட்டுகிறார்கள்.

துப்புக்கூலி என்று தென் ஜில்லாக்களில் முன்பு ஒரு கேடுகெட்ட சம்பிரதாயம் இருந்தது. மாடு களவுபோனவன் ஸ்டேஷனுக்குப் போகாமல், ஒரு தரகனிடம் ரகசியமாய்ப் பணம் கொடுப்பான். குறித்த இடத்தில் மறுநாள் மாடு கட்டிக் கிடக்கும். மாட்டுக்காரனுக்கு மாடு, திருடனுக்குப் பணம், தரகனுக்குப் பங்கு, எல்லாருக்கும் சௌகரியம். அந்தச் சௌகரியத்தால்தான் மாட்டுத் திருட்டு தலைமுறை தலைமுறையாகச் செழித்தது. எழுதிக் கொடுக்காமல் பில்லில்லாச் சாமானை வாங்கி மாட்டிக்கொள்பவர் செய்வது அதே காரியம். வித்தியாசம் ஒன்றே, அக்காலத்து மாட்டுக்காரனுக்குத் தன் மாடாவது திரும்பக் கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். ஏறாத திருட்டு போலீஸ் கணக்கில் நடக்காத திருட்டு. நடக்காத திருட்டுக்கு யாரும் அந்தத் தெருவில் ரோந்து அனுப்பப்போவதில்லை. ஆகவேதான், கணக்குப் பார்த்து கிளைம் வேண்டாம் என்று முடிவு செய்பவரும் போலீஸில் எழுதிக் கொடுக்கத் தவறலாகாது என்கிறேன். கம்பெனியிடம் கேட்பது அவரவர் லாபநஷ்டம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது நாளை அதே தெருவில் வண்டியை நிறுத்தப்போகிறவருக்கு நாம் பட்ட கடன்.

இத்தனைக்குப் பிறகும் கம்பெனி மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் இடமில்லை. அவர் அளிக்கும் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அது வேண்டாமென்றால் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தபின் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் பட்டணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. குடியிருக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்யலாம். திருத்தணிவாசிக்கு அது திருவள்ளூர்.

ஆகவே வாசகர்களுக்கு என் விண்ணப்பம்: இன்று மாலை பாலிசியை எடுத்து அதன் முதற்பிரிவையும் நிபந்தனைகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள், அதில் உங்கள் போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்த்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு காலையில் ஒரு பாகம் காணாமற்போயிருந்தால் முதலில் ஸ்டேஷனுக்கும், அடுத்து கம்பெனிக்கும், அதன் பிறகே மெக்கானிக்குக்கும் சொல்லுங்கள்.